பிரான்சுப் பள்ளிக்கு உருத்திராட்சம் அணிந்து போகலாமா? பிரெஞ்சுச் சமயச்சார்பின்மை குறித்து ஒரு கேள்வி

கேட்டவர்: தண்ணீர்மலை அடிவாரம் (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு லியோன் நகரத்துக்கு மூன்றாண்டுப் பணிமாற்றம் வந்திருக்கிறது. ஆகஸ்டு இறுதியில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகளுக்கு 19 வயது. அங்கே பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறாள். மகனுக்கு 14 வயது, இப்போது இரண்டாம் படிவம். அவனை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும். நான் பன்னிரண்டு ஆண்டுகள் தாதியாகப் பணிபுரிந்தவள். மொழி பிடிபட்டதும் அங்கேயும் மருத்துவமனை வேலைக்கு முயல வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது.

சென்ற தைப்பூசத்தில் மகன் முதன்முறையாகப் பால்குடம் எடுத்தான். மலைப்படி ஏறுமுன் அவன் தாத்தா கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்ட ஒற்றை உருத்திராட்சத்தை அவன் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. திருநீறு இடாமல் வீட்டு வாசலைத் தாண்டமாட்டான். பிரான்சில் இவையெல்லாம் பள்ளியில் கூடாது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, "அப்படியானால் நான் பாட்டி வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறான்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டும். இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நம் நாட்டின் அரசமைப்புச் சட்டம் 3ஆம் பிரிவில் இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இருந்தும் பினாங்கில் தைப்பூசத்துக்குப் பொதுவிடுமுறை உண்டு, இரதம் நடுத்தெருவில் போகிறது. அரசுக்குச் சமயமே இல்லை என்று சொல்லும் நாட்டில் ஒரு சிறுவன் கழுத்துமணியைக் கழற்ற வேண்டுமென்றால், அதைச் சமயச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது? "அரசுக்குச் சமயம் இல்லையென்றால் நமக்கு நல்லதுதானே" என்கிறார் கணவர். என்னால் அவ்வளவு எளிதாகத் தலையாட்ட முடியவில்லை.

பதில் 1: செந்தூல் வழக்குரைஞன் (கோலாலம்பூர்)

அம்மா, வணக்கம். நான் பிரான்சில் வழக்காடுபவன் அல்லன். முதுகலைப் படிப்பில் இந்தப் பொருளைத்தான் ஆய்வேடாக எழுதினேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமயச்சார்பின்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவது பெரும்பாலும் இந்தியாவில் அதற்கு வழங்கும் பொருள்தான்: அரசு எல்லாச் சமயங்களையும் ஒன்றுபோல் அரவணைக்க வேண்டும், கோவிலுக்குக் கொடுத்தால் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் லாயிசித்தே என்று சொல்வது அதுவன்று. அங்கே அரசு எவருக்கும் கொடுக்காமல் விலகி நிற்க வேண்டும். 1905 டிசம்பர் 9ஆம் நாள் இயற்றப்பட்ட பிரிவினைச் சட்டத்தின் முதலிரண்டு பிரிவுகளே இதற்கு அடித்தளம். மனச்சான்றின் சுதந்திரத்தைக் குடியரசு உறுதிசெய்கிறது என்றும், பொது ஒழுங்கை முன்னிட்டு அச்சட்டமே விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு வழிபாட்டை எவரும் தடையின்றி நடத்தலாம் என்றும் முதற்பிரிவு சொல்கிறது. குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிப்பதில்லை, அதற்கு ஊதியமோ மானியமோ தருவதில்லை என்பது இரண்டாம் பிரிவு. சுதந்திரத்தை முதலிலும் பிரிவினையை அடுத்தும் வைத்த அந்த வரிசை தற்செயலானதன்று என்றே நான் கருதுகிறேன். கைதியும் நோயாளியும் வழிபாட்டிடத்துக்கு நடந்து போக முடியாது என்பதால், சிறையிலும் மருத்துவமனையிலும் சமயப் பணியாளர்களுக்கு அரசு செலவிடலாம் என்ற விதிவிலக்கும் அதே இரண்டாம் பிரிவிலேயே இருக்கிறது.

அதற்கு முன்பு, 1801இல் நெப்போலியன் போப்பாண்டவரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பாதிரியார்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கினார்கள். ஆயர்களை நியமிப்பதில் அரசுக்கு உரிமை இருந்தது. அந்தக் கட்டை அவிழ்த்ததுதான் 1905ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அல்சாஸ் வட்டாரமும் மொசேல் மாவட்டமும் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்ததால், முதல் உலகப் போருக்குப் பின் அவை திரும்பி வந்தபோதும் பழைய ஏற்பாடே தொடர்ந்தது. இன்றைக்கும் அங்கே கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கும் சீர்திருத்தச் சபைப் போதகர்களுக்கும் யூத ரபிகளுக்கும் அரசே சம்பளம் தருகிறது. இது செல்லும் என்று 2013இல் அரசமைப்புப் பேரவையும் சொல்லிவிட்டது. நீங்கள் போவது லியோன் என்பதால் இது உங்களைத் தொடாது. ஆனாலும் பிரான்சு முழுக்க ஒரே கயிறுதான் என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நம் ஊரோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே விளங்கும். உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீர்மலைக் கோவிலை நடத்துவது சட்டத்தின்படி அமைந்த இந்து அறப்பணி வாரியம். அரசு அமைத்த வாரியம் ஒரு கோவிலின் நிருவாகத்தை ஏற்பது பிரான்சின் இரண்டாம் பிரிவோடு ஒத்துவராது. நம் அரசு சமயங்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, ஒரு கையைச் சற்று இறுக்கமாகவே. அவர்கள் அரசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறது.

இனி உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். நடுநிலைக் கடமை என்பது முதன்மையாக அரசுக்கும் அதன் ஊழியர்களுக்கும் உரியது, குடிமக்களுக்கு உரியதன்று. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தாமாக விளங்கும்.

உங்கள் மகள் பல்கலைக்கழக மாணவி. உருத்திராட்சமோ திருநீறோ முக்காடோ, சின்னம் அணிய அவருக்குத் தடையில்லை. முகத்தை மறைக்கும் உடைக்கு மட்டும் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவிடம் எங்கும் தடை உண்டு.

நீங்கள் அரசு மருத்துவமனைக்கு நோயாளியாகப் போனால் எப்படி வேண்டுமானாலும் போகலாம். தாதியாகப் போனால் கதை வேறு. பொதுப்பணி ஊழியர் எவரும் பணிநேரத்தில் சமயச் சின்னம் அணிவது கடமை மீறல் என்று, கொன்சேய் தெத்தா எனப்படும் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கருத்துரைத்தது. பொதுப்பணியை ஏற்று நடத்தும் தனியார் அமைப்புகளுக்கும் இதே கடமையை 2021ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் விதித்தது. பொட்டு சமயச் சின்னமா, அழகுக்கு இடுவதா என்று நீங்கள் நிருவாகத்தோடு வாதிட்டுப் பார்க்கலாம். ஆனால் சின்னம்தான் என்று முடிவாகிவிட்டால், சிறியது பெரியது என்ற பேச்சுக்கே ஊழியர்கள் விஷயத்தில் இடமில்லை.

மகன்தான் இந்த விதியின் விலக்கு. அவன் ஊழியன் அல்லன், பொதுச்சேவையைப் பெறுபவன். ஆயினும் 2004 மார்ச் 15ஆம் நாள் சட்டம் அரசுத் தொடக்கப்பள்ளி முதல் மேனிலைப்பள்ளி வரையுள்ள மாணவர்கள் தங்கள் சமயத்தைப் பளிச்செனக் காட்டும் சின்னங்களையோ உடைகளையோ அணிவதைத் தடுக்கிறது. அதற்கான சுற்றறிக்கை முக்காடு, யூதர்களின் கிப்பா தொப்பி, மிகப் பெரிய சிலுவை ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அடக்கமான சின்னங்களுக்குத் தடையில்லை என்றும் சொல்கிறது. சட்டைக்குள் கிடக்கும் ஒற்றை மணி இந்தத் தடைக்குள் வராது என்பதே என் வாசிப்பு. நெற்றி நிறைய மூன்று பட்டை இட்டுக்கொண்டு போனால் பேச்சு வரலாம். ஒன்றை மட்டும் மகனிடம் சொல்லி வையுங்கள்: ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதற்கு முன் மாணவனோடு பேச வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டிருக்கிறது. எனவே முதல் நாளே எவரும் அவனை வெளியே அனுப்பிவிட முடியாது.

பதில் 2: பிறை ஆற்றங்கரை (பினாங்கு)

வழக்குரைஞர் தம்பி அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "அடக்கமான சின்னத்துக்குத் தடையில்லை" என்ற இடத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டீர்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பள்ளி விதிகளை மாணவர்கள் மேல் ஏவிய குற்றமும் எனக்கு உண்டு.

எந்தச் சமயத்தின் சின்னம் அடக்கமாக இருக்க முடியும்? கிறித்தவர் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம்; நம் பிள்ளை உருத்திராட்சத்தையும் அப்படியே. சீக்கியச் சிறுவன் தலைப்பாகையை எங்கே ஒளிப்பான்? 2004ஆம் ஆண்டு அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சீக்கிய மாணவர்கள் சிலர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். முழுத் தலைப்பாகையை விட்டுவிட்டு, கெஸ்கி எனப்படும் சிறு உள்தலைப்பாகையோடு போன மாணவனையும் நீக்கியது சரியே என்று 2007இல் அவர்களுடைய கொன்சேய் தெத்தா தீர்ப்பளித்தது. ஸ்ட்ராஸ்பூரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அத்தகைய முறையீடுகளை ஏற்கவில்லை. அதே வகை வழக்கு ஐக்கிய நாட்டு மனித உரிமைக் குழுவிடம் போனபோது, அம்மாணவனின் சமய உரிமை மீறப்பட்டது என்று 2012இல் அக்குழு சொன்னது. ஒரே சட்டத்தை இரண்டு பன்னாட்டு மன்றங்கள் இப்படி எதிரெதிராகப் படித்திருக்கும்போது, "விளங்கிவிட்டது" என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

முகமறைப்புத் தடையிலும் இதே கதைதான். 2014இல் ஸ்ட்ராஸ்பூர் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, பாதுகாப்புக் காரணத்தையும் பெண்சமத்துவக் காரணத்தையும் ஏற்காமல், "கூடி வாழ்தல்" என்ற ஒற்றைக் காரணத்தின் மேல் அத்தடையை நிலைநிறுத்தியது. 2018இல் ஐக்கிய நாட்டுக் குழு அதையும் உரிமை மீறல் என்றது. கூடி வாழ்தல் என்ற சொல் கேட்க இனிமைதான். பெரும்பான்மையினர் எப்படி வாழ்கிறார்களோ அதுவே கூடி வாழ்தல் என்று ஆகிவிடும்போதுதான் கசக்கிறது.

அந்த நடுநிலை அரசின் நாட்காட்டியையும் பாருங்கள். பிரான்சின் 11 பொதுவிடுமுறைகளில் 6 கிறித்தவத் திருநாள்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பழைய மரத்தை வேரோடு பிடுங்க முடியாது. ஆனால் நடுநிலை என்ற சொல்லை அவர்கள் உச்சரிக்கும்போது அந்த மரத்தின் நிழலில்தான் நிற்கிறார்கள்.

நாமும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். நம் ஊரிலேயே செர்பான் தலைப்பாகை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன மலாய் மாணவர்களின் வழக்கில், பள்ளி விதியே செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. தடுத்தது அச்சிறுவர்களின் சொந்தச் சமயத்தைக் கூட்டரசின் சமயமாகக் கொண்ட நாடு. ஆகவே பள்ளிச் சீருடை என்று வந்துவிட்டால் எந்த அரசும் கொஞ்சம் விறைப்பாகத்தான் நிற்கிறது போலும்.

பதில் 3: லா ஷப்பெல் முன்னாள்வாசி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

அக்கா, நான் பாரிசில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவன். சட்ட விவாதத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, கண்டதைச் சொல்கிறேன்.

பாரிசின் 18ஆம் வட்டாரத்தில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதியில், மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோடை முடியும் வேளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தேர். கடை வாசல் ஒவ்வொன்றிலும் மஞ்சள் நீர் தெளித்து, தேங்காய்களைக் கோபுரமாக அடுக்கி, மேலே சூடம் ஏற்றிக் காத்திருப்பார்கள். தேர் நெருங்கியதும் உடைக்கத் தொடங்கினால், கால்மணி நேரத்தில் தார்ச்சாலை முழுக்க ஓடும் இளநீருமாகக் கிடக்கும். காவடி உண்டு, கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள் உண்டு, சட்டையில்லாமல் வடம் பிடிக்கும் இளைஞர்கள் உண்டு. முதன்முறை பார்த்தபோது, பினாங்குத் தெருவொன்றில் நிற்கிறேனா என்று ஒரு கணம் திகைத்தேன். போக்குவரத்தைத் திருப்பிவிட்டுக் காவல்துறையினர் ஓரமாக நின்றார்கள். எல்லாம் முடிந்தபின், பச்சைச் சீருடை அணிந்த மாநகரத் துப்புரவாளர்கள் வந்து ஓடுகளை அள்ளினார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு நல்ல மூடிகளைத் தேர்ந்தெடுத்துத் தம் வண்டியின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தத் தேருக்கு அரசு மானியம் தருவதில்லை, தரவும் கூடாது. ஆனால் தெருவில் ஊர்வலம் விட எல்லாருக்கும் என்ன விதியோ அதுதான் பிள்ளையாருக்கும்: முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், பொது ஒழுங்கு கெடும் என்று காட்டினால்தான் தடுக்க முடியும். "பிரான்சில் சமயம் வீட்டுக்குள் மட்டும்" என்று நம்மவர் சொல்வது தவறு. பல பிரெஞ்சுக்காரர்களே அப்படிச் சொல்வார்கள்; அவர்கள் சொல்வதும் தவறு. 2016இல் கடற்கரை நகரம் ஒன்று இஸ்லாமியப் பெண்கள் சிலர் அணியும் முழுநீள நீச்சலுடைக்குத் தடை போட்டபோது, ஒழுங்கு கெட்டதற்குச் சான்று எங்கே என்று கேட்டுக் கொன்சேய் தெத்தா அந்தத் தடையை நிறுத்தி வைத்தது.

பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே 1905ஆம் ஆண்டுச் சட்டம் 1911இலேயே நடைமுறைக்கு வந்தது. தமிழ்வழி வந்தவர்கள் அதே சட்டத்தின்கீழ் இன்றும் தீ மிதிக்கிறார்கள்.

இன்னொன்று: தனியார் பள்ளி. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகள். அவை எந்தச் சமயப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது. 2004ஆம் ஆண்டுத் தடையும் அவற்றைக் கட்டுப்படுத்தாது, உடை விதியை அந்தந்தப் பள்ளியே வகுத்துக்கொள்கிறது. இதனால் முக்காடு அணிந்த சில இஸ்லாமியப் பெண்பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகிறார்கள். சிரிப்பதா வியப்பதா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் உங்களுக்கும் அது ஒரு வழி.

பதில் 4: செந்தூல் வழக்குரைஞன்

பிறை ஆசிரியர் ஐயாவின் கண்டனத்தை ஏற்கிறேன். சட்டத்தின் எழுத்து எல்லாருக்கும் ஒன்று, அதன் எடை எல்லார் தோளிலும் ஒன்றன்று. 2023இல் இஸ்லாமியப் பெண்கள் அணியும் அபாயா என்ற நீள அங்கியைப் பள்ளிகளில் தடுத்தபோதும், அதை நிறுத்தி வைக்கக் கொன்சேய் தெத்தா மறுத்துவிட்டது. அந்தப் பாதை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்கும் தெரிகிறது.

ஆனாலும் ஐயா, செர்பான் வழக்கையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நம் நீதிமன்றம் கேட்ட கேள்வி, தலைப்பாகை அணிவது அந்தச் சமயத்தில் இன்றியமையாத கடமையா என்பது. அதாவது நீதிபதி சமய நூலைப் புரட்ட வேண்டியிருந்தது. பிரெஞ்சு நீதிபதி அதைத் தொடவே மாட்டார். உன் சமயம் அதைக் கட்டாயமாக்குகிறதா என்பது அவருக்குத் தேவையற்ற செய்தி. பார்ப்பவர் கண்ணுக்கு அது சமய அடையாளமாகத் தெரிகிறதா, மாணவன் அதை விடாப்பிடியாக அணிகிறானா என்பதையே அவர் பார்ப்பார். எது மேல் என்று என்னைக் கேட்டால், என் நம்பிக்கையின் உள்ளே நீதிபதி நுழையாமலிருப்பதையே விரும்புவேன். அதற்காகத் தலைப்பாகைக்காரனுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

தண்ணீர்மலை அடிவாரம் (கேட்டவர்)

எல்லாருக்கும் மிக்க நன்றி. மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் படித்தேன். "வேண்டுமென்றே முறைத்துக்கொண்டு போட்டால்தான் குற்றமா?" என்று கேட்டான், சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான் போலிருக்கிறது. கறுப்புக் கயிறு காலருக்கு மேலே தெரிகிறது என்பதால், அதைவிட நீளமான கயிற்றில் கோத்துத் தருமாறு தாத்தாவிடம் கேட்டிருக்கிறோம். தாத்தா முதலில் சினந்தார். பிறகு, தோட்டத்துப் பள்ளியில் தாமும் பூணூலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போன கதையைச் சொன்னார். எனக்கே அது புதுச் செய்தி.

என் பொட்டைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. பணிநேரத்தில் கழற்றி, பணி முடிந்ததும் வைத்துக்கொள்வதில் தவறில்லை என்கிறார் கணவர். அவர் நெற்றி இல்லையே.

மேலும் இரண்டு சந்தேகங்கள். நாங்கள் சைவம், பள்ளி உணவகத்தில் மகன் என்ன சாப்பிடுவான்? தைப்பூசத்தன்று விடுப்புக் கிடைக்குமா?

பதில் 5: லா ஷப்பெல் முன்னாள்வாசி

அக்கா, சமயத்தின் பெயரால் தனி உணவு கேட்கும் உரிமை இல்லை. கொடுக்கக் கூடாது என்ற தடையும் இல்லை. ஒரு நகராட்சி மாற்று உணவை நிறுத்தியதால் எழுந்த வழக்கில், 2020இல் இதே கொன்சேய் தெத்தா அப்படித்தான் சொன்னது. ஆனால் சமயத்தோடு தொடர்பே இல்லாத இன்னொரு சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கிறது: உணவு, வேளாண்மை குறித்த 2018ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பள்ளி உணவகங்களில் வாரம் ஒருமுறையாவது இறைச்சியும் மீனும் இல்லாத உணவு தர வேண்டும். முட்டையும் பாலாடைக்கட்டியும் அதில் வரும். முட்டை உங்களுக்கு ஆகாதென்றால் பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மற்ற நாள்களில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளும் நிறையப் பேர் உண்டு.

விடுப்பைப் பொறுத்தவரை, ஒரு திருநாளுக்கு ஒருநாள் அனுமதி கேட்பதில் சிக்கல் இராது. படிப்பின் ஒழுங்கு கெடாத வரை மாணவர் தனித்தனியாகச் சமய விடுப்புக் கேட்கலாம் என்று 1995 முதலே தீர்ப்பு இருக்கிறது. இரண்டு வாரம் முன்பே கடிதமாக எழுதிக் கொடுங்கள். தைப்பூசம் என்றால் என்னவென்று தலைமையாசிரியருக்குத் தெரியாது. ஒரு வரி விளக்கம் போதும். கோவிலுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த பையன் ஒருவன் பால்குடம் எடுத்த படத்தையே கடிதத்தோடு இணைத்தான். திரும்பி வந்த கடிதத்தில் அனுமதி ஒரே வரியில் இருந்தது. அதன்கீழே, பால் வெயிலில் திரிந்துவிடாதா என்று கையால் எழுதிக் கேட்டிருந்தார் தலைமையாசிரியர்.